வயிறில்லாத மீன்

இன்று காலை கடையின் பின்னறைத் தொட்டியில் இருந்த வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிக் கழுவினேன். நீங்கள் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. எனக்கு மனசில்லை, மகளுக்கு நேரமில்லை. பஞ்சை உருவியதும் அடியில் பென்சில் துண்டு மாதிரி ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் மீன். உங்கள் குழல் மீன்களில் ஒன்று எப்போதோ உள்ளே இழுக்கப்பட்டு, தண்ணீர் வற்றியதும் அப்படியே காய்ந்திருக்கிறது. அழுகவில்லை, சுருங்கவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு அதே திமிரோடு கிடந்தது. உடனே உங்களை நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் இப்போது என்னை என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

விளக்கடியில் வைத்துத் திருப்பினேன். செதிலே கிடையாது. தலைக்குக் கீழே தொடங்கி வால் நுனி வரை எலும்பு வளையங்கள், ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு. வாங்க வந்தவர்களிடம் நீங்கள் பாடும் பாட்டு காதில் கேட்டது. "எலும்பை வெளிய மாட்டிக்கிட்டுச் சுத்தற மீன் மேடம் இது. செத்தாலும் ஷேப் மாறாது." அந்த இரண்டாவது வரியை ஏதோ உத்தரவாதம் மாதிரிச் சொல்வீர்கள். அவர்களும் பெரிதாகத் தலையாட்டுவார்கள்.

ஜூஜுவாடியில், லாரிகள் ஊர்ந்து ஊர்ந்து மாநிலம் மாறுகிற அந்தச் சாலையில், டயர்க் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே வளர்ப்பு மீன் விற்கலாம் என்று யோசித்த ஒரே ஆள் நீங்கள்தான். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது உங்களையும் அனுப்பினார்கள். கூட இருந்தவர்கள் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். நீங்கள் கண்ணாடித் தொட்டி வாங்கினீர்கள். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமையானால் கார்கள் வந்து நின்றன. கன்னடத்தில் வரவேற்பீர்கள், தெலுங்கில் விலை சொல்வீர்கள், இங்கிலீஷில் பொய் சொல்வீர்கள். தமிழை என்னைத் திட்டுவதற்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தீர்கள்.

முன்னறையில் இருந்தவை தங்க மீன்கள், சண்டை மீன்கள். குழல் மீன் தொட்டி பின்னறையில், திரைக்கு அந்தப் பக்கம். கடல் குதிரையைப் போலவே இதையும் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் திரை. காரைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே கூட்டிப்போவீர்கள். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். "எவன் கண்டுபுடிப்பான்? புல்லோட புல்லா நிக்கும்டி அது" என்றீர்கள்.

அதில் மட்டும் பொய் இல்லை. எனக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். நான் தொண்டிக் கடற்கரைக்காரி, பேக்கிங் பிரிவில் வேலை செய்ய ஓசூருக்கு வந்து உங்களிடம் மாட்டியவள். எங்கள் கடலில் பெரிய அலை கிடையாது. முழங்கால் ஆழத்தில் வெகுதூரம் நடக்கலாம், காலுக்கடியில் கடற்புல் மெத்தென்று கிடக்கும். அந்தப் புல்லுக்குள்தான் குழல் மீனின் குடித்தனம். புல்லோடு புல்லாக நட்டுக்குத்தலாக நிற்கும். புல் சாய்ந்தால் சாயும், நிமிர்ந்தால் நிமிரும். நிறமும் புல்லின் நிறம். முதுகில் சின்னதாக ஒரு துடுப்பு படபடக்கும், வயிற்றில் துடுப்பே கிடையாது. ஓடித் தப்பிக்கத் துப்பில்லை, அதனால் ஒளிந்து பிழைக்கிறது. கரைவலையில் புல்லோடு சேர்ந்து வந்தால் எங்கள் ஆட்கள் மணலில் உதறிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் தின்ன என்ன இருக்கிறது? காய்ந்ததைப் பொறுக்கி ஈர மணலில் பேர் எழுதி விளையாடுவோம்.

இதைச் சொன்னபோது நீங்கள் முதலில் கேட்ட கேள்வி, "அங்க இன்னும் கிடைக்குமா?" என்பதுதான். உங்கள் தொட்டியில் புல்லுக்குப் பதிலாகப் பச்சை பிளாஸ்டிக் நாடாக்களை நட்டு வைத்தீர்கள். மோட்டார் தண்ணீரைத் தள்ள நாடாக்கள் ஆடும், மீன்களும் சேர்ந்து ஆடும். பிளாஸ்டிக் என்று அதற்குத் தெரியாது என்றீர்கள். தெரிந்திருந்தால் மட்டும் எங்கே போயிருக்கும்?

அந்த மீனுக்கு வாய்தான் தலையெழுத்து. நீளமான குழல், அதன் நுனியில் பொட்டளவு வாய், ஒரு பல் கிடையாது. கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று இரை தேடும். இரை கிட்டே வந்ததும் தலையை வெடுக்கென்று நிமிர்த்தி உறிஞ்சும். கடிப்பது, மெல்லுவது என்ற பேச்சே இல்லை, அப்படியே உள்ளே. உள்ளேயும் இரைப்பை கிடையாது. வாய், அப்புறம் குடல், அவ்வளவுதான். சேர்த்து வைக்க இடமில்லாததால் பகலெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டும், அதுவும் உயிரோடு துள்ளுவதை. கடைத் தீவனத்தை முன்னால் போட்டால் ஒரு கண்ணால் பார்க்கும், மறு கண்ணாலும் பார்க்கும், தொடாமல் பட்டினி கிடந்து சாகும்.

அந்த உயிருள்ள தீனியைப் பொரிப்பது என் வேலை. பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, காபித்தூள் போலிருக்கும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைக் கொட்டி, காற்றுக்குழாயை விட்டு, பல்பை எரியவிட்டால் மறுநாள் ஆரஞ்சு நிறத் தூளாக நீந்தும். வடிகட்டி, அலசி, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பாடு எதையும் வாங்குகிறவர்களிடம் நீங்கள் சொல்லவே மாட்டீர்கள். ஞாயிறு காலை மட்டும், "நல்லா ஊத்துடி, துள்ளணும்" என்பீர்கள். மீனோடு ஒரு டப்பா உருண்டைத் தீவனமும் சேர்த்து விற்பீர்கள். அந்த டப்பாவைக் கொடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சாதுவாக இருக்கும்.

சில வாரம் கழித்து அதே கார் வரும். அந்த அம்மா செல்போனில் செத்த மீனின் படத்தைக் காட்டி மூக்கை உறிஞ்சுவாள். "உங்க பில்டிங் போர்வெல் தண்ணி சரியில்ல மேடம்" என்று சொல்லி அடுத்த ஜோடியைப் பையில் போட்டுக் கட்டுவீர்கள். பாவம் இல்லையா என்று கேட்டதற்கு, "செத்தாத்தான்டி திரும்பி வருவாங்க. மீனுக்கு அழறவ இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு வெக்காதே" என்றீர்கள். அன்றைக்கு வைத்தேன். உப்பை அள்ளிப் போட்டு வைத்தேன். வாயில் வைக்க முடியாமல் நீங்கள் எச்சில் கையோடு கத்தியது இன்னும் இனிக்கிறது.

உங்களிடம் இன்னொரு பாட்டும் இருந்தது. இந்த இனத்தில் பெண் முட்டையை ஆணின் பையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும்; சுமந்து பெறுவது ஆண். "இங்க அப்பாதான் மேடம் மாசமா இருக்கார்" என்பீர்கள். வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே புருஷனை இடிப்பார்கள். அதோடு விற்பனை முடிந்தது. நான் வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பேன். நம் மகளை நான் சுமந்த மாதங்களில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவரா நீங்கள்? பிறந்தவளைப் பார்க்க வந்து, "உங்கூர்க் கடல்ல முக்கி எடுத்தியா, இவ்ளோ கறுப்பா இருக்கு" என்று கேட்ட வாய் அது. பசியெடுத்தால் அப்பன் மீன் பைக்குள் இருக்கும் கருவையே உறிஞ்சிக்கொள்ளும் என்று எதிலோ படித்துவிட்டு வந்து, "அப்பன்னா இப்பிடி இருக்கணும்" என்று அவள் எதிரிலேயே சொன்னீர்கள். அவள் உங்களோடு சேர்ந்து சிரித்தாள். அவள் எப்போதும் உங்கள் கட்சி.

அப்புறம் உங்கள் உடம்பு இளைக்க ஆரம்பித்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, ஏப்பம் வந்துகொண்டே இருந்தது. பெங்களூரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புற்று என்றார்கள், அறுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், தமிழ் தெரிந்தவர். படம் வரைந்து காட்டினார். "இரைப்பையை முழுசா எடுத்தாச்சு. உணவுக்குழாயை நேரா குடல்ல சேர்த்துத் தைச்சிருக்கோம். இனிமே கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடணும். எதுவா இருந்தாலும் கூழாகுற வரைக்கும் மெல்லணும். தைச்ச இடம் குறுகல், பெரிய கவளம் போனா அடைச்சுக்கும்." நீங்கள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு முன்பே தெரிந்த படம்தானே அது?

திரும்பி வரும்போது காரில் நான் வாயை அடக்க முடியாமல் சொன்னேன். "பல்லு மட்டுந்தான் மிச்சம். அதையும் பிடுங்கிட்டா முழு பைப் ஃபிஷ்." நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அடுத்த நொடி சிரித்தீர்கள், தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். நான் சொல்லி நீங்கள் சிரித்தது நம் கல்யாண வாழ்க்கையில் அது ஒன்றுதான். சிரிப்பு அடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினீர்கள். "ஊருல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. அல்சர், சின்ன ஆபரேஷன், அவ்ளோதான். வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன்" என்றீர்கள்.

எதற்கு அந்த மறைப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது. சூளகிரிக்கு உள்ளே உங்கள் ஊரில் ஆம்பளையைக் களியில்தான் அளப்பார்கள். கேழ்வரகுக் களி உருண்டையைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். பல் படக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் நாள் நான் ஒரு வாயை மென்றேன். உங்கள் அண்ணன், "மாட்டுக்குப் பொறந்தவளா இவ, அசை போடறா" என்றார். வீடே சிரித்தது, நீங்கள் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தீர்கள். இரண்டாம் வாயிலிருந்து நானும் விழுங்கினேன். "எத்தனை உருண்டை முழுங்கறானோ அத்தனை ஆளு வேலை செய்வான்" என்பது உங்கள் அண்ணனின் வேதவாக்கு. நீங்கள் கம்பெனிக்குப் போனவர், நிலத்தை அவரிடம் விட்டவர், மீன் விற்பவர். அந்த ஊரில் உங்களுக்கு மிச்சம் இருந்த ஒரே மரியாதை அந்த விழுங்கல்தான்.

வீட்டில் புதுச் சமையல் ஆரம்பமானது. மகள் சூளகிரிப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவள். அவள் ஷிப்டுக்குத் தக்கபடி நாங்கள் மாற்றி மாற்றி ஊட்டினோம். குழைத்த சோறு, நசுக்கிய இட்லி, மசித்த முட்டை. ஒரு கிண்ணம் முடிந்து வாய் துடைப்பதற்குள் அடுத்த கிண்ணத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலேயே ஆர்ட்டீமியா பாட்டில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு கரண்டி, உங்களுக்கு ஒரு கரண்டி. நீங்கள் பழக்க தோஷத்தில் விழுங்கிவிடுவீர்கள், உடனே நெஞ்சைப் பிடிக்கும், வேர்த்துக் கொட்டும். நான் மேஜையைத் தட்டுவேன். "மெல்லுங்க." "நான் என்னா ஆடா?" "ஆடு புத்தியுள்ளது. மெல்லுங்க."

சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடம் என்னை அதட்டிய வாய், நான் 'ம்' என்றால் திறந்தது, 'போதும்' என்றால் மூடியது. உங்கள் உடம்பும் தேறியது. எடை ஏறியதைப் பார்த்து டாக்டரே, "அம்மா, நீங்கதான் இவரை உயிரோட வெச்சிருக்கீங்க" என்றார். அதை நீங்கள் ஒருநாளும் மன்னிக்கவில்லை. வீட்டில் நுழைந்ததும் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தீர்கள். நான் சுவரைத் துடைத்துவிட்டு அடுத்த கிண்ணம் கொண்டுவந்தேன். உங்களைச் சாக விடுவதில்லை என்று தீர்மானமாக இருந்தேன். அன்பு என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். என் கையை விட்டு நீங்கள் நழுவக் கூடாது, அவ்வளவுதான்.

புதிதாகக் குழல் மீன் வாங்குவதை அப்போதே நிறுத்திவிட்டேன். கடைசியாக இரண்டுதான் மிஞ்சியிருந்தன. சாயங்காலங்களில் கடைக்கு வந்து நாற்காலியை அந்தத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொள்வீர்கள். நான் தீனி ஊற்றுவேன். அவை ஒவ்வொரு துளியாகக் குறிபார்த்து உறிஞ்சுவதைப் பார்த்தபடியே ஒருநாள், "இதுக்குப் பசி அடங்கவே அடங்காதுடி" என்றீர்கள். சற்றுக் கழித்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றீர்கள். எத்தனை வீட்டுத் தொட்டிகளில் எத்தனை மீன் பட்டினி கிடந்து செத்திருக்கும் என்று கேட்க நாக்கு துடித்தது. ஊற்றினேன்.

அப்புறம் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு வந்தது. போக வேண்டாம் என்றேன். "அண்ணன் வெக்கற பந்தி, நான் இல்லாமயா?" என்று சட்டையை மாட்டினீர்கள். நான் குழைத்த சோற்றை டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். பந்தலில் ஊர் ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலையில் கறி, அவரைக்கொட்டைக் குழம்பு. உங்கள் அண்ணன் தன் கையாலேயே களி உருண்டையைக் கொண்டுவந்து உங்கள் இலையில் வைத்தார். தேங்காய் அளவு இருந்தது. வேண்டுமென்றே வைத்ததில்லை, தம்பி மேல் இருந்த பிரியத்தை அவருக்கு அப்படித்தான் காட்டத் தெரியும்.

நான் குனிந்து உருண்டையை ஒதுக்கிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன். எதிர் வரிசையில் யாரோ, "கொழந்தைக்குச் சோறூட்ட வந்தியா தாயி?" என்றார். சிரிப்பு. உங்கள் முகம் சிவந்தது. டிபன் பாக்ஸை முழங்கையால் தள்ளினீர்கள், சோறு மண்ணில் கொட்டியது. களியைக் கிள்ளினீர்கள். சின்னதாகக் கிள்ளி வாயில் வைத்து, பயந்து பயந்து மென்றீர்கள். உங்கள் அண்ணன் பார்த்துவிட்டார். "என்னாடா இது, பொம்பளயாட்டம் மென்னுட்டு கெடக்கற? துன்னுடா ஒழுங்கா." பந்தி முழுவதும் தலை திரும்பியது.

அப்போதுதான் கத்தினேன். "அவுகளுக்கு வயிறே கெடையாது, மாமா! அறுத்து எடுத்துட்டாக! முழுங்குனா அடைச்சுக்கும், செத்துப் போவாக!"

உங்கள் அண்ணன், "வயிறு இல்லாத மனுசன் எவன்டா இருக்கான்? புருசன் மேல கோவம்னா இப்பிடியாம்மா வாய் வெப்ப?" என்றார். யாரோ என் 'அவுகளுக்கு' என்ற தொண்டிப் பேச்சை இழுத்துச் சொல்லிக் காட்டினார். நீங்கள் சட்டையைத் தூக்கி வயிற்றில் பளாரென்று ஒரு அடி அடித்து, "அப்ப இது என்னாது?" என்றீர்கள். பந்தல் அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்கு ஏறிவிட்டது. முஷ்டியளவு களியை உருட்டி, குழம்பில் புரட்டி, பல் படாமல் விழுங்கினீர்கள். அது இறங்கியது. என்னைப் பார்த்தீர்கள். 'பார்த்தியா' என்று கண்ணாலேயே கேட்டீர்கள். நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். அது போதாதா உங்களுக்கு? அடுத்ததையும் உருட்டினீர்கள், முதலாவதை விடப் பெரிதாக.

அது இறங்கவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. வாயில் எச்சில் வழிந்தது, வாந்தி வந்தது, வந்தது மூச்சுக்குழாயில் போனது. உங்கள் அண்ணன் முதுகில் அடித்துக்கொண்டே, "தண்ணி குடுங்கடா, தண்ணி" என்று கத்தினார். தண்ணீரையும் ஊற்றினார்கள். அதுவும் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரிக்குக் காரில் கொண்டுபோகும்போது என் மடியில்தான் கிடந்தீர்கள். குருபரப்பள்ளி தாண்டும்போது கண் ஒன்று என் பக்கமும் ஒன்று கூரைப் பக்கமுமாகச் செருகியது. யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அந்தக் கண்களைப் பார்த்து எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். நாலு பேர் சிரிப்புக்காக என் உழைப்பையெல்லாம் இரண்டு வாயில் முடித்துவிட்டீர்கள்.

சாவு வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். 'அவ வாய் வெச்சா, போய்ட்டான்.' நல்ல நாளில், சாமி பந்தியில், புருஷனுக்கு வயிறில்லை என்று அபசகுனமாகச் சொன்னவள் நான். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லலாம்தான். யாரிடம்? உங்கள் அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எந்தம்பி ரெண்டு உருண்ட முழுங்கினான்யா, ஆம்பளயாட்டம் போனான்யா" என்று அழுதார். அது கேட்டிருந்தால் நீங்கள் எழுந்தே உட்கார்ந்திருப்பீர்கள். மகள் என்னிடம் பல நாள் பேசவில்லை. "எல்லார் எதிர்லயும் சொல்லாம இருந்திருந்தா அவர் முழுங்கியிருக்க மாட்டாரும்மா" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தாலும் முழுங்கியிருப்பீர்கள் என்பது என் கட்சி. இதில் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள், நீங்களும் வாயைத் திறக்கப் போவதில்லை.

போன மாதம் உங்கள் வருஷ திதி. அண்ணன் வீட்டில்தான் செய்தார்கள். உங்களுக்குப் பிடித்தது என்று களியும் கறியும். ஆம்பளைகள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். உங்கள் அண்ணனுக்கு நேர் எதிரே ஒரு இலை காலியாக இருந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன். "பொம்பளைங்க அடுத்த பந்தி" என்று யாரோ சொன்னார்கள். நான் எழவில்லை. செத்தவன் பெண்டாட்டியை அன்றைக்கு இழுத்து எழுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பரிமாறினார்கள்.

நான் களியைக் கிள்ளி வாயில் வைத்து மென்றேன். உங்களுக்கு ஊட்டும்போது எப்படி மெல்லச் சொன்னேனோ அப்படி, கூழாகும் வரை. அப்புறம்தான் அடுத்ததைக் கிள்ளினேன். மற்றவர்கள் மளமளவென்று முடித்துவிட்டார்கள். ஆனால் உங்கள் ஊர்ப் பந்தியில் கடைசி ஆள் கையெடுக்கும் வரை யாரும் எழக் கூடாதே. எல்லோரும் கை காய உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் அண்ணனுக்கு முட்டி வலி, காலை மாற்றி மாற்றி மடக்கினார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் அவர், "சீக்கிரம் துன்னும்மா" என்றார்.

"அவுக இப்பிடித் தின்னுருந்தா, இன்னைக்கு இந்தப் பந்தியே இருந்துருக்காது மாமா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, இலையில் மிச்சமிருந்த ஒரு துண்டுக் களியை எடுத்து வாயில் போட்டார். தாடை அசைந்தது. ஒருமுறை, இன்னொருமுறை. பழக்கமில்லாத வாய், திணறியது. கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் சொட்டியது. அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் நிதானமாக மென்றேன், கடைசி வாய் வரை அவரை உட்கார வைத்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை. இன்றைக்கும் எதை வாயில் வைத்தாலும் கூழாகும் வரை மெல்கிறேன், மகள் எழுந்து கை கழுவிப் போன பிறகும் தனியாக உட்கார்ந்து மெல்கிறேன். உங்களுக்குக் கொடுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான், அதை நானே வைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். கூழாகும் வரை மென்றால் களி இனிக்கிறது. உங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.